வாய்ப்பூட்டு வாரத்தில் ஒரு மெத்தை

லிஃப்ட் நின்று மூன்று வாரம் ஆனபிறகு என் மெத்தை வந்தது. கொண்டுவந்த இருவரும் படிக்கட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்கள்.

"எட்டாவது மாடியா? சீட்டுல வாசல் வரைக்கும்னுதான் போட்டிருக்கு."

அதைத் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மெத்தை அங்கே மூன்று நாள் நின்றது. அந்த மூன்று நாளில் என் வேலை போகப் பார்த்தது.

நான் பிராகில் மத்திய வங்கியில் வேலை செய்கிறேன். வட்டி விகிதத்தை முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழு இருக்கிறது. ஆண்டுக்கு எட்டு முறை, ஒரு வியாழக்கிழமையில், கூடி வாக்களிப்பார்கள். அந்த ஏழு பேரில் நான் இல்லை. அவர்களுக்கு விசிறி வரைந்து கொடுப்பவர்களில் ஒருத்தி. பணவீக்கம் அடுத்த இரண்டு ஆண்டுகளில் எங்கே போகும் என்று ஒரு கோடு போடுவோம். அந்தக் கோடு தப்பாகிவிடலாம் என்பதால் அதன் இருபக்கமும் விசிறி மாதிரி சாயம் பூசுவோம். எவ்வளவு தெரியாதோ அவ்வளவு அகலம். எங்கள் துறைத் தலைவர் எவ்ஜெனுக்கு அகலமான விசிறி பிடிக்கும். தப்பவே தப்பாது என்பார்.

நான் படித்தது இயற்பியல். குழாயில் ஓடும் நீர் எங்கே சுழலும் என்று கணக்கிட்டுப் பட்டம் வாங்கினேன். சமன்பாடுகள் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று சொல்லி வேலை கொடுத்தார்கள். ஒரே வித்தியாசம், நீர் செய்தித்தாள் படிப்பதில்லை.

கூட்டத்துக்கு முந்தைய ஒரு வாரம் நாங்கள் யாரும் வட்டி, பணவீக்கம், நாணய மதிப்பு பற்றி வெளியாட்களிடம் வாய் திறக்கக்கூடாது. இது எழுதப்பட்ட விதி. எங்களுக்குள் அதை வாய்ப்பூட்டு வாரம் என்போம். இரண்டு வருடம் முன்பு எங்கள் துறையில் ஒருவர், ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் இடைவேளையில், "யூரோ வாங்க அவசரப்படாதே" என்று மைத்துனரிடம் சொன்னார். இப்போது அவர் நிலவறையில் பழைய பேரேடுகளுக்கு எண் ஒட்டுகிறார். எனக்கு மட்டும் அந்த வாரம் கஷ்டமே இல்லை. மற்ற நாற்பத்துநான்கு வாரமும் நான் யாரோடும் பெரிதாகப் பேசுவதில்லை.

ஆனால் அந்த மார்ச் மாதம் வாய்ப்பூட்டு வாரமும் எங்கள் கட்டடத்து லிஃப்ட்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

புது லிஃப்ட்டுக்கு அறுபது லட்சம் கொருனா கடன் வேண்டும். ஒரு வணிக வங்கி இரண்டு வழி கொடுத்தது. ஐந்து வருடத்துக்கு ஒரே வட்டி. அல்லது மத்திய வங்கியின் வட்டியோடு ஏறி இறங்கும் மிதக்கும் வட்டி. புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும். எங்கள் குழுவின் முடிவோ வியாழன் மதியம்தான் வெளியாகும். வியாழன் வட்டி இறங்கினால் மிதப்பது லாபம். இறங்காவிட்டால் நிலையான வட்டி லாபம். இருபத்துநான்கு வீடு, வீட்டுக்கு ஒரு வாக்கு. பதின்மூன்று வாக்கு விழுந்தால்தான் எதுவும் நிறைவேறும்.

சங்கத் தலைவர் குபாத், ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர். வெள்ளிக்கிழமை அவர் என்னைப் படிக்கட்டில் மறித்தார்.

"பொண்ணு, ஒண்ணும் சொல்ல வேணாம். தலைய மட்டும் ஆட்டு. ஏறுமா, இறங்குமா?"

நான் தலையை ஆட்டாமல் இருக்கக் கழுத்தை இறுக்கிக்கொண்டேன்.

"அட, கழுத்து வலியா?"

"ஆமா சார்."

"உங்க பேங்க்ல எல்லாருக்கும் அந்த வலிதான்" என்றபடி கீழே இறங்கினார்.

சனிக்கிழமை நான் ஒரு தப்பு செய்தேன். அறிவிப்புப் பலகையில் சீட்டு ஒட்டினேன்: பச்சை சைக்கிள் விற்பனைக்கு, இரண்டாயிரம் கொருனா, எட்டாம் மாடி, யோலானா. ஞாயிறு மாலைக்குள் இரண்டாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிவரை ஒரு கருத்து உருவாகிவிட்டது. மத்திய வங்கிக்காரி கையில் ரொக்கம் சேர்க்கிறாள். அப்படியென்றால் பணம் இன்னும் கிராக்கியாகப் போகிறது. வட்டி இறங்காது. உடனே நிலையான வட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

திங்கள்கிழமை மெத்தை வந்தது.

வேலையிலிருந்து திரும்பியபோது அதைச் சுற்றி ஆறு பேர் நின்றிருந்தார்கள். மூன்றாம் மாடி திருமதி மதோஷ்கோவா தையல் நாடாவால் அளந்துகொண்டிருந்தார்.

"நூத்தி நாப்பது சென்டிமீட்டர். ஒத்தை ஆளுக்கு எதுக்கு இவ்வளவு அகலம்?"

"தூக்கத்துல உருளுவா போல" என்றார் குபாத்.

"இவளா? இவ நிக்கும்போதே அசைய மாட்டா. ஆள் வர்றான்யா. ஆள் வந்தா கல்யாணம். கல்யாணம்னா வீட்டுக்கடன். வட்டி இறங்கும்னு தெரியாம இவ வீட்டுக்கடன் எடுப்பாளா?"

"அதோட இதப் பாருங்க." முதல் மாடி ராதிம் உறையில் அச்சிட்டிருந்ததைக் காட்டினான். அவன் பழைய நகரச் சதுக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு நாணயம் மாற்றித்தரும் கடை வைத்திருப்பவன். "இருபத்திநாலு மாசத் தவணை. கடன்ல வாங்கியிருக்காங்க."

உறையில் இருந்தது கடையின் விளம்பரம். நான் முழுப்பணமும் கொடுத்து வாங்கியிருந்தேன். அதைச் சொல்லலாமா, அதுவும் விதிக்குள் வருமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் "நல்லாருக்கீங்களா" என்று கேட்டுவிட்டு எட்டு மாடியையும் நிற்காமல் ஏறினேன்.

"பாரு, எவ்வளவு வேகமா ஏறுறா!" என்றது ஒரு குரல் கீழே.

"ஏறுறாளா? அப்ப வட்டியும்…"

"வாய மூடுய்யா."

செவ்வாய்க்கிழமை கட்டடத்தில் இரண்டு கட்சி இருந்தது. சைக்கிள் கட்சி, நிலையான வட்டி, குபாத் தலைமை. மெத்தைக் கட்சி, மிதக்கும் வட்டி, மதோஷ்கோவா தலைமை. பதினொன்றுக்குப் பதினொன்று. மிச்சம் இரண்டு வாக்கு. ஒன்று என்னுடையது. மற்றது ஒன்பதாம் மாடி ஷிந்தெல்காவுடையது.

நான் எப்படி வாக்களித்தாலும் அது ஒரு சொல். நிலவறையும் பேரேடுகளும் கண்ணில் தெரிந்தன. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் தங்கள் வாக்கை இன்னொருவர் பெயருக்கு எழுதிக் கொடுக்கலாம். அன்று மாலை அதிகாரக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு ஒன்பதாம் மாடிக்குப் போனேன்.

ஷிந்தெல்கா ஒரு நாடகக் கொட்டகையில் நாற்பது வருடம் மேடைக்கு முன்னால் குழிக்குள் உட்கார்ந்து நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தவர். என்னிடம் ஒருநாளும் வட்டி பற்றிக் கேட்டதில்லை. புறா எத்தனை வருடம் வாழும் என்று மட்டும் ஒருமுறை கேட்டார். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

"ரெண்டு வாக்கா எனக்கு?" என்றார்.

"ஆமா சார். உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிப் போடுங்க. என்கிட்ட எதுவும் கேக்காதீங்க."

"எனக்கு ஒண்ணுமே தெரியாதேம்மா."

"அதுதான் சார் வேணும்."

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துத் தட்டிக்கொண்டார். வேலை முடிந்தது என்று இறங்கி வந்தேன்.

கடித விஷயம் இரவோடு இரவாகப் பரவி, புதன் காலை ஒன்பதாம் மாடிக்கு வரிசை நின்றது. வேலைக்குக் கிளம்பிய நான் என் கதவிடுக்கு வழியாகக் கேட்டேன். மதோஷ்கோவா பாப்பி விதை கேக்கோடு போயிருந்தார். குபாத் வீட்டில் காய்ச்சிய பிளம்ஸ் சாராயம் கொண்டுபோயிருந்தார்.

"யோவ் ஷிந்தெல்கா, அவ உன்கிட்ட என்ன சொன்னா?"

"அதைச் சொல்ற நிலையில நான் இல்ல."

அது என் குரலை விட நன்றாக இருந்தது. நாற்பது வருடம் மற்றவர்களின் வசனத்தைக் கிசுகிசுத்தவருக்கு முதல்முறையாக மேடை கிடைத்திருக்கிறது.

"சரி, உன் அபிப்பிராயமாவது சொல்லு."

"அபாயம் ரெண்டு பக்கமும் சமமா இருக்கு. முன்கூட்டியே எதையும் சொல்றதுக்கில்ல. வர்ற புள்ளிவிவரத்தைப் பாத்துத்தான் முடிவெடுப்பேன்."

"என்னய்யா புள்ளிவிவரம்?"

"கேக் நல்லாருக்கு. சாராயம் இன்னும் ருசி பாக்கல."

எல்லாம் தொலைக்காட்சியில் எங்கள் ஆட்கள் பேசுவதைக் கேட்டுப் பழகியதுதான். யாராவது வந்து நேரடியாகக் கேட்டிருந்தால் எங்கள் பத்திரிகைத் தொடர்புத் துறைகூட இவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்காது.

ஒன்பது மணிக்கு ராதிம் கட்டடத்தின் ஃபேஸ்புக் குழுவில் எழுதினான்: 'மத்திய வங்கிக்கு நெருங்கிய ஒன்பதாம் மாடி வட்டாரம்: அபாயம் இருபக்கமும் சமம்.' அதை யாரோ யாருக்கோ அனுப்ப, பத்தரை மணிக்குள் அது ஒரு நிதிப் பத்திரிகை நிருபரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் எங்கள் வங்கிக்குத் தொலைபேசியில் கேட்டார்: உங்கள் ஒன்பதாம் மாடியில் பேசியவர் யார்?

எங்கள் வங்கியில் ஒன்பதாம் மாடியே கிடையாது. பத்திரிகைத் தொடர்புத் துறை ஒரு மணி நேரம் அதைத் தேடியது. கடைசியில் விஷயம் ஒழுங்குப் பிரிவு தோபெக்கிடம் போனது. அவர் ஊழியர்களின் வீட்டு முகவரிப் பட்டியலை எடுத்துப் பார்த்தார், பிறகு எங்கள் கட்டடத்தின் ஃபேஸ்புக் குழுவை முழுவதும் படித்தார்.

நான் வங்கி உணவகத்தில் மாட்டிறைச்சிக் குழம்பில் மாவுருண்டையை நனைத்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்தார்.

"யோலானா, நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல சார்."

"யார்கிட்ட?"

"யார்கிட்டயும்."

"அதுதான் பிரச்சனை. நீங்க ஒண்ணும் சொல்லாததை இருபத்திநாலு வீடு கேட்டிருக்கு." என் மாவுருண்டையைப் பார்த்தார். "இன்னிக்கு சாயந்திரம் உங்க கட்டடத்துல கூட்டமாமே. உங்க வாக்கை வச்சு, இல்ல உங்க ஆளோட வாக்கை வச்சு, அவங்க வட்டிய முடிவு பண்ணினா நான் விசாரணை தொடங்கியே ஆகணும். விசாரணைன்னா நுழைவு அட்டைய வாங்கி வச்சுக்குவேன். திருப்பிக் குடுத்ததா ஞாபகம் இல்ல."

"நான் என்ன பண்ணணும்?"

"அந்தக் கடிதத்தை எல்லார் முன்னாடியும் திருப்பி வாங்குங்க. நீங்க எதையும் தெரிவிக்கலன்னு தெரிவிங்க. ஆனா வட்டி பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது."

"எல்லார் முன்னாடியுமா?"

"முப்பது பேர்தானே?"

என் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் மூன்று பேர் இருந்தார்கள். அன்று நான் என் பெயரை மறந்தேன்.

சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதினேன். நான்கு வரி. டிராமில் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆறு மணிக்குக் கூட்டம், கீழே குழந்தை வண்டிகள் வைக்கும் அறையில். மடக்கு நாற்காலிகள். நடுவில் ஒரு தட்டு நிறைய ஹாம் வைத்த ரொட்டித் துண்டுகள். குபாத் தன் பழைய டிராம் மணியை அடித்தார்.

"மொத விஷயம், லிஃப்ட்டு. ரெண்டாவது விஷயம், யார் குப்பைத்தொட்டியில கண்ணாடி போடுறது. மொத விஷயத்துல ஷிந்தெல்கா கையில ரெண்டு வாக்கு இருக்கு. ஷிந்தெல்கா, முன்னாடி வா."

ஷிந்தெல்கா முன்வரிசையில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் எழுவதற்குள் நான் எழுந்து அவருக்கு எதிரே போய் நின்றுவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

"நான்… ஒண்ணு சொல்லணும்."

ராதிம் கைபேசியை எடுத்தான்.

"அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கிறேன். நான் இந்தக் கட்டடத்துல யார்கிட்டயும் என் வேலையைப் பத்திப் பேசல. சைக்கிள்…"

தாளில் நான்கு வரியும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. சைக்கிளுக்கு அப்புறம் என்ன? சைக்கிளுக்கு அப்புறம் ஒன்றுமே இல்லை. உலகத்தில் சைக்கிளோடு எல்லாம் முடிந்துவிட்டது.

"எட்டு மாடி தூக்க முடியல" என்றது ஒரு குரல், கீழேயிருந்து, உதடு அசையாமல்.

ஷிந்தெல்கா. என் தாளைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"எட்டு மாடி தூக்க முடியல" என்றேன். "லிஃப்ட் இல்ல. அதான் விக்கிறேன். மெத்தை…"

"முதுகு வலி."

"முதுகு வலிக்கு வாங்கினேன். மருத்துவர் சொன்னார்."

"தவணை."

"தவணை இல்ல. முழுசாக் குடுத்தேன். உறையில இருந்தது விளம்பரம்."

"அப்ப நூத்தி நாப்பது?" என்றார் மதோஷ்கோவா.

அது தாளில் இல்லை. ஷிந்தெல்கா தோளைக் குலுக்கினார்.

"தள்ளுபடியில அது ஒண்ணுதான் இருந்துச்சு" என்றேன்.

"ஆள் இல்லயா?"

"இல்லங்க."

"ஐயோ பாவம்" என்றார் மதோஷ்கோவா. அறை முழுக்க அந்தக் கவலை பரவியது. வட்டியை ஒரு நிமிடம் எல்லோரும் மறந்தார்கள்.

குபாத் மணியடித்தார். "சரி, அப்ப பதினொண்ணுக்குப் பதினொண்ணு. ஷிந்தெல்காவுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு. பொண்ணு, நீ எந்தப் பக்கம்?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. ஒரு பக்கம் போட்டால் வேலை போகும். போடாமல் இருந்தால் ஷிந்தெல்கா எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பன்னிரண்டுதான், லிஃப்ட் கிடையாது. இருபத்துமூன்று முகம் என் கையைப் பார்த்தது. கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். ராதிம் அதையும் படம் எடுத்தான்.

அப்போது ஷிந்தெல்கா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"எனக்கு முட்டி போச்சு. ஒன்பது மாடி. நீங்க சைக்கிளையும் மெத்தையையும் வச்சு அடிச்சுக்கங்க, எனக்கு லிஃப்ட்டு வேணும். பாதிக் கடனை நிலையா எடுங்க, பாதிய மிதக்க விடுங்க. யார் தப்பா இருந்தாலும் பாதிதான் தப்பு."

"பாதிதான் சரியும்" என்றார் குபாத் முணுமுணுப்பாக.

"நீ டிராம் ஓட்டினப்ப முழுசா சரியா வந்திருக்கியா?"

வாக்கெடுப்பு. கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. பாதி பாதி என்பது எதையும் சொல்லாது. ஆகவே நானும் தூக்கினேன். இருபத்துநான்கு. சங்க வரலாற்றில் எல்லோரும் ஒத்துக்கொண்டது அதுவே முதல்முறை என்று குபாத் குறிப்பேட்டில் எழுதினார்.

ராதிம் மட்டும் யோசனையாக இருந்தான். "ஏறுமானா முழுசா நிலையா எடுத்திருப்பாங்க. இறங்குமானா முழுசா மிதக்கவிட்டிருப்பாங்க. பாதிக்குக் கை தூக்கினாங்க." என்னைப் பார்த்தான். "அப்ப மாத்தமே இல்லன்னு அர்த்தமா?"

நான் ஒரு ரொட்டித் துண்டை எடுத்து முழுவதுமாக வாய்க்குள் திணித்தேன்.

வியாழன் மதியம் இரண்டரைக்கு முடிவு வந்தது. மாற்றமில்லை. நாலுக்கு மூன்று.

அன்று சாயங்காலம் இரண்டு கட்சியும் வென்றதாகச் சொல்லிக்கொண்டன. ஐந்தாம் மாடிப் பையன்கள் நான்கு பேர், கேட்காமலேயே, மெத்தையை எட்டாம் மாடிக்குத் தூக்கிவந்து போட்டார்கள். மதோஷ்கோவாவின் ஏற்பாடு. கூடவே தன் தங்கை மகனின் புகைப்படத்தையும் அனுப்பியிருந்தார். பிளம்பர். ராதிம் புதன் இரவே, வட்டி மாறாது என்று நம்பி, தன் கடைப் பலகையில் யூரோ விலையை மாற்றி நன்றாகச் சம்பாதித்திருந்தான். குழுவில் எழுதினான்: 'ரொட்டியைத் திணித்தபோதே புரிந்துகொண்டேன்.'

வெள்ளிக்கிழமை தோபெக் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் என் பெயரில் ஒரு கோப்பு. மேலே ராதிமின் பதிவு அச்சிடப்பட்டு இருந்தது. நான் கழுத்திலிருந்து நுழைவு அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். கேட்டவுடன் கொடுத்துவிடலாம்.

"மாத்தமில்லன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஊகம் சார்."

"சரியான ஊகம்."

"நான் ஏதாவது சொல்லியிருந்தா அது தப்பாத்தான் இருந்திருக்கும்."

"ஏன்?"

இப்போது பேசலாம். வாய்ப்பூட்டு வாரம் முடிந்துவிட்டது, அறிக்கையும் வெளியாகிவிட்டது. அறிக்கையின் பதினாலாம் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். என் விசிறி. நடுக்கோடு, வட்டி கால் சதவீதம் இறங்க வேண்டும் என்றது. குழு அதைக் கேட்கவில்லை. நான் ரகசியத்தை உடைத்திருந்தால் தப்பான ரகசியத்தைத்தான் உடைத்திருப்பேன்.

தோபெக் படத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் தெரியாது?"

"தெரியாது சார்."

"அதை எழுத்துல குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். பணவீக்க ஆய்வுத் துறையில் இருக்கும் எனக்கு வருங்கால வட்டி பற்றி எதுவும் தெரியாது என இதன்மூலம் உறுதியளிக்கிறேன். கையெழுத்து. அவர் முத்திரை குத்தினார். கோப்பை மூடினார். அட்டையை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டு கதவுவரை வந்துவிட்டேன்.

"யோலானா."

திரும்பினேன். குரலைத் தாழ்த்தியிருந்தார்.

"என் வீட்டுக்கடனோட நிலையான வட்டி ஜூன்ல முடியுது. உங்ககிட்ட எதுவும் கேக்கல. கேக்கவும் கூடாது." பேனாவை உருட்டினார். "அந்தச் சைக்கிள் வித்தாச்சா?"

"இல்ல சார். விக்கப்போறதில்ல. லிஃப்ட் வந்துட்டா நானே ஓட்டிக்குவேன்."

"லிஃப்ட் எப்ப வருது?"

"ஆகஸ்ட்ல."

"ஆகஸ்ட்" என்றார் மெதுவாக.

கதவைச் சாத்தும்போது பார்த்தேன். அவர் நாட்காட்டியில் ஆகஸ்ட்டைப் புரட்டி, சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.